கலா டீச்சர் கண்ணாடியைக் கழற்றினால்

கலா டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் எங்கள் ஊரில் காற்றடிக்கும், எங்கிருந்து என்றே தெரியாமல் வயலின் கேட்கும், இறுக்கிப் பின்னிய அவள் சடை தானாக அவிழ்ந்து முதுகு முழுக்கப் பரவும், கழற்றுகிற அந்த நொடியில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் மெதுவாகிப்போவோம். டீ ஆற்றுகிறவர் கைக்கும் தம்ளருக்கும் நடுவில் டீ நூல்போலத் தொங்கும், ஒரு மூச்சை இழுத்துவிட ஒரு பந்தி சாப்பிட்டு எழுந்திருக்கிற நேரம் ஆகும், உடம்புக்குத்தான் இந்தக் கதி, மனசு எப்போதும்போல ஓடிக்கொண்டேயிருக்கும், அவள் மறுபடி கண்ணாடியை எடுத்து மாட்டினால்தான் டீ தம்ளரில் விழும். ஏன் இப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். மழை ஏன் மேலிருந்து கீழே பெய்கிறது என்று நீங்கள் யாரிடமாவது போய்க் கேட்டீர்களா? எங்கள் மேலப்பூங்குளத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை, அடுத்து எப்போது கழற்றுவாள் என்றுதான் கேட்டோம்.

நான் ஆவுடைத்தங்கம், பொன்ராணி டாக்கீஸில் பெண்கள் கவுண்டரில் டிக்கெட் கொடுக்கிறவள். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். நடந்ததில் ஊர்மேல் தப்பு என்று எவராவது சொன்னால் மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பெண்ணைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஊர் இது.

முதலில் படம் வந்தது. கதாநாயகி காலேஜில் முதல் மார்க் வாங்குகிறவள், அது நமக்குப் புரியவேண்டும் என்பதற்காக அவளுக்கு ஒரு தடிக் கண்ணாடி, எண்ணெய் வழிகிற ரெட்டைச் சடை, நெஞ்சோடு அணைத்த புத்தகம், நடந்தால் எதிலாவது இடிப்பாள், இடித்தால் கொட்டகை சிரிக்கும், அவள் வாயைத் திறந்தால் கதாநாயகனின் கூட்டாளிகள் கொட்டாவி விடுவார்கள், அதற்கும் கொட்டகை சிரிக்கும். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கதாநாயகன் கையை நீட்டி அவள் கண்ணாடியைக் கழற்றுவான். அவ்வளவுதான், காற்றடிக்கும், வயலின் கேட்கும், சடை அவிழும், உலகமே மெதுவாகும், அப்படியே பாட்டு. பாட்டு முடிந்து இடைவேளைக்கு அப்புறம் அவள் ஒரு புத்தகத்தைத் தொடமாட்டாள், எதிலும் இடிக்கவும் மாட்டாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எப்படிக் கண் தெரிகிறது என்று கேட்ட ஒரே ஆள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கண்ணாடிக்கடை வைத்திருக்கிற கனகவேல் அண்ணாச்சிதான், பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார்: "அது வெறுங்கண்ணாடி தங்கம். பவரே கிடையாது. சினிமாக்காரிக்குப் பவர் எதுக்கு?"

படம் ஓடு ஓடென்று ஓடியது. ஊர்ப் பையன்கள் எல்லாம், கட்டினால் புத்திசாலிப் பெண்ணைத்தான் கட்டுவேன், கண்ணாடி போட்டவளைத்தான் கட்டுவேன் என்று டீக்கடையில் சத்தியம் பண்ண ஆரம்பித்தார்கள், படிப்பில் எட்டாங்கிளாஸைத் தாண்டாதவன்கூட. பெண்பிள்ளைகள் கனகவேல் அண்ணாச்சி கடையில் வெறுங்கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு, வீட்டில் டேபிள் ஃபேனுக்கு முன்னால் நின்று கழற்றிக் கழற்றிப் பார்த்தார்கள். ஃபேன் காற்றுதான் வந்தது.

கலா டீச்சர் அந்தப் படத்தைப் பார்க்கவேயில்லை. முழுப்பெயர் பூரணகலா, இரும்புக்கடை சிவனணைஞ்ச பெருமாளின் ஒரே மகள், ஊருக்கு வெளியே உள்ள காலேஜில் விலங்கியல் பாடம் எடுத்தாள், கண்ணாடி சோடாபாட்டில் அடிபோல இருக்கும், அது இல்லாவிட்டால் மூஞ்சிக்கு நாலு விரக்கடைக்கு அப்பால் உள்ளது எல்லாம் அவளுக்குப் புகைதான். விடிந்ததும் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கப்போட்டுக்கொண்டு குளத்துக்கரைக்குப் போய்விடுவாள், எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்து இறங்குகிற பறவைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, போன வருஷம் வந்த நாரைதானா இது என்றுவரைக்கும் சொல்வாள், ஊரில் அவளுக்குக் குருவி டீச்சர் என்றுதான் பெயர். பெண் பார்க்க வந்தவர்களும் உண்டு. ஒரு தடவை மாப்பிள்ளையின் அம்மா, ரசம் வைக்கத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருக்க, இவள் ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்து, "அந்தா கூப்பிடுது பாருங்க, சுடலைக்குயிலு. அது வந்தா மழை வரும்" என்றாள். நல்ல காரியம் பேசவந்த இடத்தில் சுடலை என்றதும் வந்தவர்கள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டார்கள். அன்றைக்கு மழை பெய்ததென்னவோ உண்மைதான்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் மாட்னி விடுகிற நேரமாகப் பார்த்து எங்கள் கொட்டகைக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றாள். மணல் லாரி ஒன்று புழுதியை வாரி அடித்துவிட்டுப் போனது, அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தானையில் துடைத்தாள். காற்று வந்தது. வயலின் கேட்டது. படம் பார்த்துவிட்டு வெளியே வந்த கூட்டம் முழுக்க எடுத்த காலை ஊன்ற முடியாமல் நின்றது, நானும் கவுண்டர் கம்பிக்குள்ளிருந்து பார்த்தபடி நின்றேன், எங்கள் ஊர்க் குருவி டீச்சர் அங்கே இல்லை, போஸ்டரில் இருக்கவேண்டியவள் இறங்கிவந்து முந்தானையால் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்டு நிமிர்ந்து, "என்னக்கா, எல்லாரும் என்னையே பாக்கீங்க?" என்றாள். ஊர் கை தட்டியது. பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அவளுக்குச் சொல்லிப் புரியவைக்கவே ரொம்ப நாள் ஆயிற்று. கழற்றினால் அவளுக்குத் தெரிவது வெறும் புகை, எதிரே நிற்கிறவன் வேகமாக இருக்கிறானா மெதுவாக இருக்கிறானா என்று அவள் எதைக்கொண்டு கண்டாள்? உலகத்திலேயே அந்த அழகைப் பார்க்காத ஒரே ஆள் அவள்தான்.

ஊர் அதை எப்படிப் பழகிக்கொண்டது என்று கேட்டால், குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்குப் பழகுவதுபோலத்தான். கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரத்தில் மேடைக்கு எதிரே டீச்சரை நிறுத்தினார்கள், மாப்பிள்ளை கை பெண்ணின் கழுத்துக்குப் போய்ச் சேர்வதை ஊரே ஆற அமரப் பார்த்தது. காதுகுத்துக்குக் கூப்பிட்டார்கள், குழந்தை அழ வாயைத் திறப்பதற்குள் ஆசாரி, அவர் மட்டும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, ரெண்டு காதையும் குத்தி முடித்துவிடுவார். மாட்டு டாக்டர் கூப்பிட்டார், வெறிபிடித்த காளை அவளைப் பார்த்தபடி அந்தரத்தில் காலைத் தூக்கி நின்றது. கோயில் கொடை நாளில் சாமியாடி கேட்டார், போட்டோக் கடைக்காரர் கேட்டார், ஊர்ப்பட்ட பேரும் கேட்டார்கள், அவளும் முகம் முறித்துப் பேசத் தெரியாதவள், வகுப்பு முடிந்த கையோடு வந்து நின்று கழற்றி, போதும் என்று சொல்ல ஆள் இல்லாததால் நாங்களே சுமாராக ஒரு நேரத்தை முன்கூட்டிச் சொல்லி அனுப்ப, மனசுக்குள் அதை எண்ணி முடித்து மாட்டிக்கொண்டு போவாள். ஒரு தடவைகூட ஒருத்தரும் அவளிடம் அந்த நாரைகள் இந்த வருஷம் வந்துவிட்டனவா என்று கேட்டதில்லை. எதற்குக் கேட்க வேண்டும்?

பிச்சைக்கண்ணு மாமா சாகக் கிடந்தபோதும் அவளைத்தான் கூப்பிட்டோம். மாமாவுக்கு வயிற்றில் கட்டி, மருந்து கேட்காத வலி, மகன் துபாயிலிருந்து வந்துகொண்டிருந்தான், அவன் முகத்தைப் பார்க்கிறவரைக்கும் மூச்சைப் பிடித்துவைக்க வேண்டும் என்று மாமி வந்து காலில் விழுந்தாள். டீச்சரைக் கட்டிலுக்கு எதிரே உட்காரவைத்தோம், மாமா கண் அவள்மேல் இருக்கும்போது கழற்றச் சொன்னோம். சுற்றி நின்ற நாங்களும் மாமாவோடு சேர்ந்து மெதுவானோம். ஒரு பகல் முழுக்க மாமா அந்த ஒரு மூச்சில் கிடந்தார். மகன் கார் வந்து, அவன் உள்ளே ஓடிவந்து, அப்பா என்று தோளைத் தொட்டபிறகு அவள் கண்ணாடியை மாட்டினாள், மாமா போய்ச் சேர்ந்தார். உடம்புக்குத்தான் மெதுவாகும், மனசு ஓடிக்கொண்டிருக்கும் என்று சொன்னேன் அல்லவா, வலியும் மனசோடு சேர்ந்தது. அந்தப் பகல் முழுக்க மாமா கண்ணைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன், என்னை விட்டுவிடுங்கள் என்றுதான் அந்தக் கண் கெஞ்சியது. வாசலுக்கு வந்து செருப்பைத் தேடிக்கொண்டே டீச்சர், "மாமா முகம் எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டாள். "சிரிச்ச முகமா இருந்தாவ தாயி" என்றேன். வேறென்ன சொல்ல? உண்மையைச் சொன்னால் அடுத்த வீட்டுக்கு வரமாட்டாள்.

இந்த நேரத்தில்தான் அவளுக்கு வடக்கே ஒரு பறவை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. இமயமலைக்கு அந்தப் பக்கமிருந்து எங்கள் குளத்துக்கு வருகிற வாத்துகள் எந்த வழியாக வருகின்றன என்று போய்ப் பார்க்கிற வேலையாம். எங்கள் கவுண்டருக்கே வந்து சொன்னாள், கண்ணாடிக்குள் குட்டியாகத் தெரிகிற கண் ரெண்டும் ஈரமாக இருந்தது. "சின்னப்பிள்ளைலருந்து இங்கயே நின்னு அது வாறதத்தான் பாத்துட்டிருந்தேன்க்கா. இனி அது கிளம்புற எடத்துலயே போய் நின்னு பாப்பேன்" என்றாள். ரொம்ப சந்தோஷம் தாயி என்று சொல்லிவிட்டு, அவள் தலை மறைந்ததும் நேரே மேனேஜர் ரூமுக்குப் போனேன். ஐப்பசியில் என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம், டீச்சர் இல்லாமல் அது ஒரு கல்யாணமா?

மேனேஜர் சந்தனக்குமார் கொட்டகை முதலாளிக்கு மருமகன் முறை, மெட்ராசில் சினிமாவில் உதவி இயக்குநராக இருந்து, ஒன்றும் நடக்காமல் திரும்பிவந்தவன். ஆள் பார்க்க லட்சணமாக இருப்பான், கண்ணாடி போட்ட பெண்களைப் படத்தில் எந்தக் கோணத்தில் காட்டவேண்டும், எந்த இடத்தில் ஃபேனை வைக்கவேண்டும் என்று மணிக்கணக்காகப் பேசுவான். மறுநாளே குளத்துக்கரைக்குப் போய்விட்டான். போய், அவளிடம் ஊரில் எவனும் கேட்காததைக் கேட்டான்: "அது என்ன பறவைங்க?" அவள் சொன்னாள். "அதுக்குப் பக்கத்துல நிக்குதே, அது?" அதையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், வெயில் ஏறியது தெரியாமல். "எனக்கு இந்த அலங்காரப் பொம்மைங்களப் பாத்தா ஆகாதுங்க. புத்திசாலிப் பொண்ணுன்னா எனக்கு உசுரு. நீங்க பேசுறதக் கேட்டுக்கிட்டே செத்துரலாம்" என்று அவன் சொன்னதாக அவளே என்னிடம் சொன்னாள், சொல்லும்போது சிரித்தாள், கண்ணாடியோடு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தங்கச்சி மகள் கல்யாணம் இருக்கிறதே.

கல்யாணத்துக்கு அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஊருக்காக நான் கழத்துறது வேற. நீங்க மட்டும் என்னைக் கண்ணாடியக் கழத்தச் சொல்லாதீங்க. உங்களுக்கு முன்னால நான் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றாள். சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். வேலையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, கல்யாணம் முடிந்த கையோடு ரெண்டு பேரும் போவோம் என்றான். அப்பா சிவனணைஞ்ச பெருமாளுக்கு ஆனந்தக் கண்ணீர்.

தாலி கட்டி முடித்தான். கீழே உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் அவனையே பார்த்தோம், அவன் எங்களைப் பார்த்தான், பார்த்துவிட்டுப் படத்தில் வருகிற மாதிரியே கையை நீட்டி, அட்சதை ஒட்டியிருந்த அந்தக் கண்ணாடியைக் கழற்றினான். அதுவரைக்கும் அடித்த காற்றெல்லாம் காற்றே இல்லை. பந்தல் துணி படகுப்பாய்போல உப்பியது, வயலின் எங்கள் விலா எலும்புக்குள் கேட்டது, அவளுடைய அழகை என்னவென்று சொல்ல, எனக்கே அழுகை வந்தது, கண்ணீர் இமையிலேயே நின்றது. அத்தனை பேரும் அசைவில்லாமல் நிற்க அவள் ஒருத்தி மட்டும் அசைந்தாள். புகைக்குள் கையைவிட்டுத் துழாவினாள், மாப்பிள்ளை முகம் கையில் தட்டியது, தோள், முழங்கை, பிறகு விரல்கள். விரல்களுக்குள் கண்ணாடி இருந்தது. அவன் விடவேண்டும் என்று நினைத்தாலும் விரல் திறக்க ஒரு பொழுதாகும், அவன் நினைக்கவும் இல்லை, அவள் ஒவ்வொரு விரலாக நெம்பி நெம்பித் திறந்தாள், நெம்பும்போது, "சொல்லியிருந்தேன்லா… சொல்லியிருந்தேன்லா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மாட்டிக்கொண்டதும் பந்தலே அதிர்ந்தது, விசில் பறந்தது. அவன் அவள் காதோரம் குனிந்து, "ஒரே ஒரு தடவை கலா. எல்லாரும் ஆசைப்பட்டாவ" என்றான்.

ஒரு தடவை என்று சொன்னால் ஒரு தடவையோடு நிற்குமா? அந்தக் காற்றை ருசித்தபிறகு அவளாகக் கழற்றுகிற காற்று ஊருக்குச் சப்பென்றாகிவிட்டது. இனி அவன்தான் கழற்றுவது என்று ஆயிற்று. அடுத்து இன்னொன்றும் கவனித்தோம்: குளத்துக்கரையில் நின்றுவிட்டு வருகிற நாட்களில் காற்று குறைச்சலாக இருந்தது, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற நாட்களில் சுத்தமாக வயலினே இல்லை. கண்ணால் பார்த்துப் பார்த்தே அவள் அதைத் தீர்க்கிறாள் என்று கனகவேல் அண்ணாச்சி சொன்னார், தொழில் தெரிந்த மனுஷன் சொன்னதால் நம்பினோம். கண்ணாடி கழன்றால் போதும், அதில் பவர் இருக்கவேண்டும் என்று என்ன கட்டாயம்? படத்தில் இருந்ததா? ஒரு நாள் காலையில் சந்தனக்குமார் கட்டிலிலிருந்து காலை இறக்கும்போது தெரியாமல் அவள் கண்ணாடியை மிதித்துவிட்டான். அண்ணாச்சி அன்றைக்கே புதுசு செய்து கொடுத்தார், ஃபிரேம் அதே ஃபிரேம், உள்ளே வெறுங்கண்ணாடி.

போட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல ஒண்ணும் தெரியலயே" என்றாள்.

"அதே பவர்தான் தாயி. கண்ணுதான் இறங்கிட்டு. ரெஸ்ட் குடு, சரியாயிரும்."

நாங்களும் அதையே சொன்னோம். பால்காரர் சொன்னார், பக்கத்து வீட்டு மதினி சொன்னாள், அவளைப் பெற்ற அப்பாவும் சொன்னார், கண் இறங்கிட்டும்மா, எல்லாருக்கும் வாறதுதான், மாப்பிள்ளை நல்லவரா அமைஞ்சாருல்லா. அவள் காலேஜுக்குப் போவது நின்றது, குளத்துக்கரைக்குப் போவது நின்றது, வடக்கே வேலைக்குச் சேரவேண்டிய தேதியும் வந்து தாண்டிப்போனது, வீட்டுக்குள்ளேயே சுவரைத் தடவித் தடவி நடந்தாள். சந்தனக்குமார் அவள் மூக்கோடு மூக்கு உரசக் குனிந்து, நாலு விரக்கடைக்குள் முகத்தைக் கொண்டுவந்து, "என் முகம் தெரியுதுல்லா? அப்புறமென்ன? இதுக்குமேல நீ என்னத்தப் பாக்கணும்?" என்பான், இதை டீக்கடையில் வந்து சொல்லி, எப்படி வசனம் என்று வேறு கேட்பான். நன்றாகத்தான் இருந்தது.

காற்று எங்கள் கணக்குப்படியே கூடியது. அவளை எதையும் பார்க்கவிடாமல் வைத்திருக்க வைத்திருக்க, கழற்றும்போது மரங்கள் வளைந்தன. என் தங்கச்சி மகள் கல்யாணத்தைப் பற்றி இன்றைக்கும் சொந்தத்தில் பேசுவார்கள். பேசியிருப்பார்கள்.

பிறகு அந்தப் படத்தை மறுபடி பொன்ராணியில் போட்டோம், முதல் நாளை ஊர்விழாவாக நடத்தலாம் என்று சந்தனக்குமார் சொன்னான். கொட்டகைக்கு எதிரே மேடை கட்டி, சீரியல் பல்பு தொங்கவிட்டு, ஒலிபெருக்கி வைத்து, சாயங்கால வெயிலில் ஊர் முழுக்க வந்து கூடியது, கைக்குழந்தைகளும் படுக்கையில் கிடந்த கிழடுகளும்தான் பாக்கி. எனக்கு முன்வரிசையில் நாற்காலி. பட்டுச்சேலையில் அவளை மேடைக்குக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். சந்தனக்குமார் எங்கள் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, அவள் பக்கம் திரும்பி, கையை உயர்த்தினான். கொதிக்கக் கொதிக்க ஒரு டீயை வாங்கி நான் அப்போதுதான் ஒரு வாய் உறிஞ்சினேன்.

அவன் விரல் படுவதற்கு முன்னால் அவளே கழற்றினாள்.

காற்று வந்தது, வயலின் வந்தது, அந்தச் சடை அவிழ்ந்த அழகு, சொல்லி ஆகாது. அவள் அந்தக் கண்ணாடியை ரெண்டு கையாலும் பிடித்து நடுவில் ஒடித்தாள். துண்டுகளைக் கீழே போட்டு, செருப்புக் காலால் மிதித்துத் தேய்த்தாள். மேடை விளிம்பைக் காலால் தடவிக் கண்டுபிடித்து, ஒலிபெருக்கி மைக்கைக் கையால் தேடிப் பிடித்து, வகுப்பெடுக்கிற குரலில் பேசினாள்.

"இது வெறுங்கண்ணாடின்னு போட்ட அன்னைக்கே தெரியும். என் பழைய கண்ணாடிய எழுத்துமேல பிடிச்சா எழுத்து சின்னதாத் தெரியும். இதைப் பிடிச்சா அப்படியே இருந்துச்சு. நான் சயின்ஸ் படிச்சவ அண்ணாச்சி, என்கிட்டப் போய்." அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "எல்லாரும் ஒரு நாளு ஒண்ணா வருவீங்கன்னுதான் காத்திருந்தேன். இப்ப கண்ணுக்குள்ளயே வச்சுக்கிற லென்ஸ் வந்துட்டு, திருநெல்வேலில கிடைக்கும். நான் இனிமே கண்ணாடியே போடப் போறதில்ல. நீங்க எல்லாரும் ஆசைப்பட்டதுதான?"

அவள் மாட்டினால்தான் டீ விழும். எனக்கு அப்போதுதான் புரிந்தது, என்னைச் சுற்றிலும் அத்தனை மனசுக்கும் ஒரே சமயத்தில் புரிந்திருக்கும், ஓவென்று ஒரு கூச்சல் எழும்பியிருக்க வேண்டும், ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. அவள் மேடையிலிருந்து உட்கார்ந்து இறங்கினாள். கையை நீட்டி முதலில் தட்டுப்பட்ட தோளைப் பிடித்தாள், அடுத்த தோள், அதற்கடுத்த தோள், வீட்டுச் சுவரைத் தடவி நடந்த மாதிரியே எங்கள் தோள்களையும் தலைகளையும் தடவிப் பிடித்துக்கொண்டு ஊரைத் தாண்டி நடந்தாள். என் தோளிலும் கை வைத்தாள், கை சில்லென்று இருந்தது. யார் தோள் என்று அவளுக்குத் தெரியாது. ரோட்டில் வெளியூர் பஸ் ஒன்று வந்து நிற்கிற சத்தம் கேட்டது, "இது எங்க போகுது?" என்று அவள் கேட்பது கேட்டது, பஸ் போய்விட்டது.

அன்றிலிருந்து நாங்கள் இப்படித்தான் இருக்கிறோம். கொதிக்கிற டீ என் நாக்கில் இருக்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை, நாக்கு வெந்துகொண்டே இருக்கிறது. இதையெல்லாம் நான் வாயால் சொல்லவில்லை, எனக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன், வேறு வேலை என்ன இருக்கிறது? சொந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள், இழுத்தார்கள், ஆணி அடித்த மாதிரி இருந்தோம், அழுதுவிட்டுக் குழந்தைகளையும் கிழடுகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு வெளியூர்க்காரர்கள் பழகிக்கொண்டார்கள். கனகவேல் அண்ணாச்சி கைதட்டத் தூக்கிய கையில் துண்டைக் காயப்போடுகிறார்கள், பால்காரரின் மடியில் உட்கார்ந்து போட்டோ எடுக்கிறார்கள், எங்கள் நிழலில் ஒருத்தன் அவித்த கடலை விற்கிறான். மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, உடம்புக்கு இன்னும் அந்தச் சாயங்காலம்தான்.

ஒரு மார்கழியில் அவள் வந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டி, பேண்ட் சட்டையில், கழுத்தில் பைனாகுலரோடு, கூட அவளிடம் படிக்கிற பிள்ளைகள். முகத்தில் கண்ணாடி இல்லை. குளத்தைப் பார்த்துவிட்டு நேரே எங்கள் பக்கம்தான் நடந்தாள், யாரையும் தடவாமல், யார்மேலும் இடிக்காமல். வந்துவிட்டாள், மனசு இளகிவிட்டது, பைக்குள் எங்காவது ஒரு கண்ணாடி இருக்கும், ஒரே ஒரு நொடி மாட்டினால் போதும் தாயி என்று நான் உள்ளுக்குள் கதறினேன். மேடையில் ஏறிச் சந்தனக்குமாருக்கு எதிரே போய் நின்றாள். அவன் உயர்த்திய கை அப்படியே இருந்தது, அதே சிரிப்பு இருந்தது. அவள் முகம் மெல்ல மலர்ந்தது, வாய் லேசாகத் திறந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். ஒரு இலைகூட அசையவில்லை, வயலின் கேட்கவில்லை, ஆனாலும் அந்த முகத்திலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடிந்திருக்காது. புருஷனைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன், அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

அவனுடைய சுண்டுவிரலிலிருந்து ஒரு தேன்சிட்டுக் கூடு தொங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளில் ஒருத்தி நெருங்கிவந்து அவன் கையைப் பிடித்துப் பார்க்கப்போனாள்.

"தொடாத" என்றாள் கலா டீச்சர், மெதுவான குரலில். "இவர யாரும் அசைச்சிராதீங்க. உள்ள முட்டை இருக்கு."